உள்ளே விட்ட துணி

என் அப்பா தைத்த சட்டைகளில் பக்கத் தையலுக்குள் ஓர் அங்குலம் துணி மடிந்து கிடக்கும். கடையில் தொங்கும் சட்டைகளில் கால் அங்குலம்கூட இருக்காது. "இன்றைக்கு உடம்புக்குச் சரியாக இருக்கிறது. உடம்பு இப்படியே இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தது?" என்பார். துணி வாங்கிக் கொடுத்தவர்கள் மிச்சத் துணி எங்கே என்று கேட்டால், சட்டையை உள்பக்கம் திருப்பிக் காட்டி, "இதோ, உங்களிடமேதான் இருக்கிறது" என்று சொல்வார்.

போன மாதம் அவர் எனக்குக் கடைசியாகத் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் பீரோவிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 2008இல் தைத்தது. மார்பு வரைக்கும் பொத்தான்கள் ஒத்துழைத்தன. வயிற்றருகே இரண்டும் முடியாது என்றுவிட்டன. எடுத்துக்கொண்டு மதுரை குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். புதுமண்டபத்தில் இருந்த கடைகளை இப்போது அங்கேதான் மாற்றியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அடுத்த தூணில் மெஷின் போட்டிருந்தவரின் மகன் அங்கே உட்கார்ந்திருந்தார். அவரும் தலை நரைத்துவிட்டார். தையலைப் பிளேடால் பிரித்து, இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். வெளியே சட்டை வெளுத்துச் சாம்பல் பூத்த நீலம். உள்ளே மடிந்திருந்த அங்குலம் மட்டும், ஜவுளிக்கடையில் அன்று கிழித்துக் கொடுத்த அதே கருநீலம்.

"அண்ணே, விட்டுத் தைத்தால் இரண்டு பக்கமும் கோடு தெரியும். வீட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம். விசேஷத்துக்குப் போட முடியாது."

பரவாயில்லை, தையுங்கள் என்றேன். கல்யாண வீடு ஒன்றுக்கும் அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்தேன். என் மனைவி என்னைவிட்டு நாலு அடி தள்ளியே நடந்தாள்.

அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் உர்சுலா கே. லெ குவின். அமெரிக்கர். 1929இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்து, 2018 ஜனவரியில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் 88 வயதில் இறந்தவர். அறிவியல் புனைகதையும் மாயக்கதையும் எழுதியவர். இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று சில வருடங்களாகவே நினைத்து, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் இருந்தேன். தையல் பிரித்த இடத்தில் பிடி கிடைத்தது.

புதுமண்டபத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காகக் கட்டிய கல் மண்டபம். நான் பார்த்த காலத்தில் அங்கே தூணுக்கொரு கடை. வளையல், பித்தளைப் பாத்திரம், பஞ்சாங்கம், பள்ளிக்கூடக் கைடு, நடுநடுவே தையல் மெஷின்கள். மூன்று முலையோடு பிறந்த தடாதகை, மீனாட்சிதான், ஒரு தூணில் நிற்பாள். இன்னொரு தூணில் கல் யானைக்குச் சிவன் கரும்பு கொடுத்துக்கொண்டிருப்பார். அதன் காலடியில்தான் நான் கோடை விடுமுறைகளில் காஜா பையன். பொத்தான் ஓட்டைக்கு நூல் சுற்றுவதற்குத்தான் காஜா எடுப்பது என்று பெயர். கல் யானை கரும்பு தின்னும் இடத்தில் உட்கார்ந்து காஜா எடுத்தவனுக்கு, மந்திரம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்று கடல் நடுவே இருக்கிறது என்று யாராவது சொன்னால் பெரிய ஆச்சரியமாக இருக்காது. சரி, பீஸ் எவ்வளவு என்றுதான் கேட்கத் தோன்றும்.

அந்தப் பள்ளிக்கூடம் வரும் புத்தகத்தை நான் 1986இல் வாங்கினேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நடைபாதையில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்றவரிடம் மூன்று ரூபாய். முன் அட்டை கிடையாது. பின்னால் பார்க்கவேயில்லை. 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ', 1968இல் வெளிவந்தது. தீவுகளும் கடலுமாக மட்டுமே இருக்கும் ஓர் உலகம். கோண்ட் என்ற மலைத்தீவில் வெண்கலக் கொல்லர் ஒருவரின் மகன் ஆடு மேய்க்கிறான். அவனுக்கு மந்திரம் வருகிறது. ரோக் தீவுப் பள்ளியில் சேர்கிறான். கூடப் படிப்பவனிடம் வீம்பு காட்டப் போய்ச் செத்தவளின் ஆவியைக் கூப்பிடுகிறான். திறந்த கதவு வழியாக ஆவியோடு கூட நிழல் மாதிரி ஒன்று உள்ளே வந்துவிடுகிறது. அந்தக் கதவை மூடுகிற முயற்சியில் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். அந்த உலகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. பெயர் தெரிந்தால் கட்டுப்படுத்தலாம். இந்த நிழலுக்குப் பெயரே இல்லை என்கிறார்கள். பிறகு எப்படி அடக்குவது? பையன் முதலில் ஓடுகிறான். அவனுடைய பழைய குரு, ஓடாதே, திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார். துரத்துகிறான்.

முன் அட்டை இல்லாமல் போனது நல்லதாகவே ஆயிற்று. பையன் கெட் செம்புநிறத்தவன், அவன் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு என்று லெ குவின் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால் அட்டைப்படம் வரைந்தவர்கள் பலர் அவனை வெள்ளைக்காரப் பையனாக்கிவிட்டார்கள் என்று பின்னால் அறிந்தேன். 2004இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோதும் அதுவே நடந்தது. அவர் கோபமாக ஒரு கட்டுரை எழுதினார். எனக்கு அந்தப் பிரச்சினையே வரவில்லை. கெட் எங்கள் பக்கத்துப் பையன் நிறத்தில்தான் இருந்தான். வெட்சுக்கு யாரோ என்று பெயர் கொண்ட ஒரு தங்கைகூட உண்டு. ஆங்கிலத்தில் அது ஒரு செடியின் பெயராம். தமிழ்க் காதுக்கு வேறு மாதிரிதானே கேட்கும்.

சித்திரைத் திருவிழா நெருங்கும்போது புதுமண்டபத்துத் தையல்காரர்கள் ராத்திரி பன்னிரண்டு வரை மெஷின் மிதிப்பார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரியெடுப்பவர்கள், கருப்பசாமி வேடம் போடுகிறவர்கள், எல்லாருக்கும் வெல்வெட்டும் சரிகையுமாக உடுப்பு வேண்டும். தூக்கம் வராமலிருக்க யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வருடம் பேச்சு என்னுடையது. படித்ததை அன்றன்றைக்குத் தமிழில் சொன்னேன். நாலைந்து மெஷின்காரர்கள், ஒரு வளையல் கடைக்காரர், எல்லாரும் கேட்டார்கள். மதுரையில் கடல் கிடையாது. கடல் என்றதும் அவர்களுக்கு வந்தது பக்கத்திலேயே இருந்த எழுகடல் தெரு. மீனாட்சியின் அம்மா காஞ்சனமாலை கடலில் நீராட ஆசைப்பட, மாப்பிள்ளையான சொக்கர் ஏழு கடலையும் அங்கே ஒரு குளத்துக்கு வரவழைத்தார் என்பது திருவிளையாடல் கதை. அந்தக் குளமும் இப்போது இல்லை. பையன் படகில் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்று வளையல் கடைக்காரர் கேட்பார். "இன்னும் ராய கோபுரத்தைத் தாண்டவில்லை" என்று ஒருவர் பதில் சொல்வார்.

கெட்டும் வெட்சும் கடைசித் தீவையும் தாண்டிக் கிழக்கே போகிறார்கள். வரைபடத்தில் எதுவும் இல்லாத கடல். அந்த இடத்தில் என் புத்தகம் முடிந்துவிட்டது. ஒரு வாக்கியத்தின் நடுவில். அதற்குப் பின்னால் பசையும் நூலும் மட்டும் இருந்தன.

மறுநாள் ராத்திரி, புத்தகத்தில் அதற்கு மேல் இல்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வயது, சொல்லவில்லை. சரி, நிழலுக்கு என்ன பெயராக இருக்கும், நீங்களே சொல்லுங்கள் என்று சமாளித்தேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பா தலையைத் தூக்காமல், "அது அவன் நிழல்தானே? வேறு பெயர் எங்கிருந்து வரும்?" என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. இவ்வளவு பெரிய கதைக்கு இவ்வளவு சின்ன முடிவா? நானே ஒன்று கட்டினேன். செத்துப்போன தலைமை மந்திரவாதியின் பெயர்தான் நிழலின் பெயர் என்று வைத்து, நடுக்கடலில் மூன்று ராத்திரி சண்டை போட வைத்தேன். எல்லாருக்கும் திருப்தி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கருப்பசாமியின் சல்லடத்துக்குச் சரிகை வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புத்தகத்தை எழுதிய அம்மாள் யார், எங்கே இருந்தார் என்பதெல்லாம் எனக்கு இணையம் வந்த பிறகுதான் தெரியும். அவருடைய அப்பா ஆல்ஃப்ரெட் குரோபர், பெயர்பெற்ற மானிடவியலாளர். அம்மா தியோடோரா எழுதிய ஒரு புத்தகம் 1961இல் வெளிவந்தது. இஷி என்ற மனிதரைப் பற்றியது. 1911இல் கலிஃபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரின் ஓரத்தில், பசியும் களைப்புமாக ஒருவர் வந்து நின்றார். யாஹி என்ற பூர்வகுடி மக்களில் அவர் ஒருவர்தான் மிச்சம். மற்றவர்களை வெள்ளைக்காரர்கள் கொன்றும் துரத்தியும் தீர்த்துவிட்டிருந்தார்கள். அவரை சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்க வைத்தார்கள். பெயர் என்ன என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது அவர் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கமில்லை. வேறொருவர் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டும். அப்படிச் சொல்ல ஓர் ஆள்கூட உயிரோடு இல்லை. குரோபர்தான் அவரை இஷி என்று அழைத்தார். அந்த மொழியில் மனிதன் என்று அர்த்தம். 1916இல் அவர் காசநோயில் இறந்தார். உண்மைப் பெயர் கடைசிவரை யாருக்கும் தெரியாது. லெ குவின் பிறந்தது அதற்குப் பதின்மூன்று வருடம் கழித்து.

இதைப் படித்த அன்று என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அம்மா உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். அப்பாவின் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. ஒருமுறை ரேஷன் கார்டுக்கு எழுதிக்கொள்ள வந்தவர் வீட்டுத்தலைவர் பெயர் கேட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை. "மீனாட்சியைக் கட்டிக்கொண்டவர் பெயர்தான்" என்றாள். அவரும் மதுரைக்காரர், புரிந்துவிட்டது என்று நினைத்து, சொக்கலிங்கம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அப்பாவின் பெயர் அதே சாமியுடைய இன்னொரு பெயர். பதினோரு வருடம் நாங்கள் சொக்கலிங்கம் குடும்பமாகச் சீனியும் மண்ணெண்ணெயும் வாங்கினோம். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது மந்திரம் வைத்திருந்தாலும் அப்பாவைத் தொட்டிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

எழுத்தாளர் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் அறிவியல் கதை என்றால் நமக்கு முதலில் வருகிற பெயர் சுஜாதா. ரங்கராஜன் என்ற ஆண், மனைவியின் பெயரில் எழுதினார்; யாருக்கும் உறுத்தவில்லை. அங்கே நேர்மாறு. 1969இல் லெ குவினின் ஒரு கதையை வெளியிட்ட பிரபலமான ஆண்கள் பத்திரிகை, முழுப்பெயரைப் போட்டால் பெண் என்று தெரிந்துவிடும், முதலெழுத்துகள் மட்டும் போடலாமா என்று கேட்டது. அவர் சம்மதித்துவிட்டார். யு. கே. லெ குவின் என்று வந்தது. அபத்தமான கோரிக்கையாக இருந்ததால் அது முக்கியமான விஷயமும்கூட என்று அப்போது உறைக்கவில்லை என்று பின்னால் எழுதினார். இதுவும் ஒரு தையல் பிரிப்புதான்.

ஆனால் பெரிய பிரிப்பு வேறு இரண்டு.

முதலாவது 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்'. 1969. இதன் கையெழுத்துப் பிரதியை, படிக்கவே முடியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய கடிதம் ஒன்று உண்டு. எழுதிய பதிப்பாசிரியரின் பெயரை மறைத்துவிட்டு, கடிதத்தை லெ குவின் தன் இணையதளத்தில் போட்டு வைத்திருந்தார். நாவல் வெளிவந்து, அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ, நெபுலா இரண்டு பரிசையும் வாங்கிற்று. கெதென் என்ற கிரகம். எப்போதும் குளிர். அங்கே மனிதர்கள் மாதத்தில் பெரும்பாலான நாட்கள் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. சில நாட்கள் மட்டும் இரண்டில் ஒன்றாகிறார்கள். எதுவாக என்று முன்கூட்டித் தெரியாது. இன்றைக்கு அம்மாவாக இருக்கிறவர் இன்னொரு பிள்ளைக்கு அப்பாவாக இருக்கலாம். அங்கே தூதராகப் போகும் கென்லி ஐ கையில் ஆன்சிபிள் என்று ஒரு கருவி. எத்தனை ஒளியாண்டு தூரமானாலும் செய்தி அந்த நொடியே போய்விடும். அந்தச் சொல்லை லெ குவின் 1966இல் தன் முதல் நாவலிலேயே உண்டாக்கிவிட்டார். நான் 1990இல் தொலைபேசித் துறையில் வேலைக்குச் சேர்ந்தேன். டிரங்க் கால் புக் செய்துவிட்டு அரைநாள் காத்திருந்தவர்களின் திட்டை எல்லாம் வாங்கியவன் என்ற முறையில் ஆன்சிபிளைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட பொறாமை உண்டு.

கெதென் மனிதர்களை அவன், அவள் என்று எந்தப் பிரதிப்பெயரால் குறிப்பது? லெ குவின் நாவல் முழுக்க ஆங்கிலத்தின் ஆண்பால் சொல்லையே போட்டார். பொதுவாக மனிதரைச் சொல்லவும் அதுதான் பயன்படுகிறது என்பது அவர் வாதம். ஆணுமில்லை பெண்ணுமில்லை என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் ஆணாகவே நம் கண்முன் நடமாடவிட்டால் எப்படி என்று பலர் கேட்டார்கள். 1976இல் ஒரு கட்டுரை எழுதித் தன் பக்கத்தைக் காப்பாற்றினார். அதற்கு ஒரு வருடம் முன்பே, அதே கிரகத்தில் நடக்கும் ஒரு பழைய சிறுகதையைத் தொகுப்பில் சேர்க்கும்போது, அரசன் என்ற பட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் பிரதிப்பெயர்களை எல்லாம் பெண்பாலாக மாற்றிப் பார்த்திருந்தார். பிறகு 1987இல் அந்தக் கட்டுரையையே மறுபடி கையில் எடுத்தார். பழைய வாதத்தை அழிக்கவில்லை. வரிக்கு வரி அப்படியே விட்டு, நடுநடுவே புதிதாக, இங்கே நான் சொன்னது சரியில்லை, இது வீம்பு என்று தன்னையே மறுத்து எழுதி, இரண்டையும் சேர்த்து அச்சிட்டார்.

வெளுத்த நீலமும் கருநீலமும் பக்கத்தில் பக்கத்தில்.

தமிழில் எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று நான் ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நமக்குத்தான் 'அவர்' இருக்கிறதே. ஆணா பெண்ணா என்று காட்டாத சொல். ஒருநாள் அந்த நாவலின் புகழ்பெற்ற ஒரு வாக்கியத்தைத் தமிழாக்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நாலே சொல். 'அரசன் கருவுற்றிருந்தான்' என்றால் தூக்கிவாரிப் போடுகிறது. 'அரசர் கருவுற்றிருந்தார்' என்றால் அரண்மனை அறிக்கை மாதிரி இருக்கிறது. அச்சுப்பிழை, அரசியார் என்று இருக்க வேண்டும் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். மரியாதை அதிர்ச்சியை விழுங்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நம் 'அவர்' யாருக்குப் போகிறது? இந்தப் பதிவையே பாருங்கள். அப்பா தைத்தார், அப்பா சொன்னார் என்று எழுதுகிறேன். அம்மா சொன்னாள். மனைவி தள்ளி நடந்தாள். எழுதும்போது கை தானாகப் போகிறது. மதுரைப் பேச்சில் இன்னும் ஒரு படி மேலே போய், அக்காவையும் அத்தையையும் அஃறிணையில் வந்தது, போனது என்றுதான் சொல்வோம். பாசத்தில்தான் சொல்கிறோம், இருந்தாலும் மாமா மட்டும் வந்தார் ஆகிவிடுகிறார். கெதென்காரர்கள் மதுரைக்கு வந்தால் அவர்களை ஆண் பெண் என்று பிரிக்க மாட்டோம், சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அவரா அதுவா என்று முடிவு செய்வோம். மேலே போய் அம்மாவுக்கு 'சொன்னார்' என்று திருத்தலாமா என்று யோசித்தேன். திருத்தினால் அது என் வீட்டு அம்மாவாக இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டாவது பிரிப்பு எர்த்ஸீ. முதல் புத்தகத்தைத் தொடர்ந்து 1971, 1972இல் இன்னும் இரண்டு வந்தன. மூன்றாவது, அமெரிக்காவின் தேசியப் புத்தகப் பரிசை வாங்கியது. மூன்றும் சேர்ந்து நல்ல சட்டை. எங்கும் இழுக்காது, பிடிக்காது. ஆனால் அந்த உலகத்தில் மந்திரம் படிப்பதெல்லாம் ஆண்கள். பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்று கோண்ட் தீவில் சொலவடையே உண்டு. எழுதியவரோ பெண், மூன்று பிள்ளைகளின் தாய். பதினெட்டு வருடம் கழித்து, 1990இல் 'தெஹானு' என்று நாலாவது வந்தது. இரண்டாவது புத்தகத்தில் கெட்டோடு தப்பி வந்த சிறுமி தெனார் இப்போது நடுத்தர வயது விதவை, பண்ணையைப் பார்த்துக்கொள்கிறாள். கூட இருந்தவர்களே நெருப்பில் போட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். கெட் வருகிறான். மந்திரசக்தி முழுதும் போய்விட்டது. மறுபடி ஆடு மேய்க்கிறான். முதல் மூன்று புத்தகத்தில் யாரும் தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை. இதில் ஒரு வீட்டில் தட்டு யார் கழுவுவது என்பதே கேள்வியாக வருகிறது.

முதல் தடவை படித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். என் கெட்டை இப்படிச் செய்துவிட்டாரே என்று இருந்தது. பல வாசகர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது அப்பா வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். மெஷின் மிதித்த கால் நீர் கோத்து, ஒத்தக்கடை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யானைமலையைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்துக் கொடுப்பார். அந்தத் தடவை புத்தகத்தை என்னால் கீழே வைக்க முடியவில்லை.

லெ குவின் பழைய மூன்றையும் திருத்தி எழுதிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சொலவடை முதல் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. பழைய தையலை ஒட்டிப் புதுத் துணியை வெளியே விட்டார், கோடு தெரிகிறது. இன்னொரு வேடிக்கை, தெஹானுவின் அட்டையில் எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம் என்று போட்டிருந்தது. 2001இல் மேலும் இரண்டு எழுதினார். அந்தக் கடைசியையும் பிரித்தாயிற்று.

இதற்கு நடுவே எழுதிய ஒரு சின்னக் கதையைச் சொல்லாமல் போனால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். ஓமலாஸ் என்ற ஊர். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு விலையாக நிலவறையில் ஒரு குழந்தை அழுக்கிலும் இருட்டிலும் கிடக்கிறது. எல்லாருக்கும் அது தெரியும். சிலர் மட்டும் பார்த்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். 1973இல் வந்தது. ஓமலாஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றால், சாலையோரப் பலகையில் சேலம், ஓரிகன் என்று எழுதியிருந்ததைக் கார்க் கண்ணாடியில் தலைகீழாகப் படித்ததாம். அந்த மாநிலத்துக்குத் தலைநகரம் சேலம். நம் ஊர் மாம்பழச் சேலம் இல்லை. இதை ஒரு சேலத்துக்கார நண்பரிடம் சொன்னேன். அரைமணி நேரம் ஊருக்காக வாதாடினார்.

2014இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை லெ குவினுக்கு வாழ்நாள் பங்களிப்புக்காகப் பதக்கம் கொடுத்தது. 85 வயது. மேடையில் ஏறி, புத்தகத்தைச் சரக்காகப் பார்க்கிற வியாபாரிகளை முன்னால் வைத்துக்கொண்டே கண்டித்தார். முதலாளித்துவத்திலிருந்து தப்பவே முடியாது போலத் தெரிகிறது, அரசர்களின் தெய்வீக உரிமையும் ஒருகாலத்தில் அப்படித்தான் தெரிந்தது என்ற பொருளில் பேசினார். நாயக்கர் மகாலுக்குப் போனால் அந்தப் பேச்சு எனக்கு ஞாபகம் வரும். அத்தனை தடித்த தூண்கள். இப்போது டிக்கெட் கொடுத்து உள்ளே விடுகிறார்கள்.

கெட், நிழல் கதையின் முடிவை எப்போது படித்தேன் என்று சொல்லவில்லை. இத்தனைக்கும் தெஹானுவைக்கூட முதல் தடவை அந்த முடிவு தெரியாமலேயேதான் படித்திருக்கிறேன். நல்ல பிரதி வாங்க வேண்டும் என்று தோன்றாததற்குக் காரணம், என் மூன்று ராத்திரிச் சண்டையை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். 2009இல் என் மகள் கல்லூரியிலிருந்து முதல் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். கடைசி அத்தியாயத்தை நின்றுகொண்டே படித்தேன். கடல் மெல்ல மெல்ல மணலாகிறது. கெட் படகைவிட்டு இறங்கி நடக்கிறான். எதிரே நிழல் வருகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பெயரைச் சொல்கிறார்கள். கெட் சொன்ன பெயர் கெட். நிழல் சொன்னதும் அதுவே.

திண்ணைக்குப் போய் அப்பாவிடம், நீங்கள் அன்றைக்குச் சொன்னதுதான் சரி என்றேன். என்ன சொன்னேன் என்று கேட்டார். புதுமண்டபம், சித்திரை, படகு, நிழல் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினேன். எந்தக் கடல் என்றார். அவருக்கு ஒன்றுமே நினைவில்லை. வளையல் கடைக்காரர் மட்டும் நினைவில் இருந்தார். அவர் தராமல் போன பாக்கியும். நான் விடாமல் கதையை முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் எப்போது எழுதினார் என்று கேட்டார். பிள்ளைகள் தூங்கின பிறகு ராத்திரியில் எழுதுவார், வீட்டுக்காரர் சரித்திரப் பேராசிரியர், வீட்டு வேலையையும் பகிர்ந்துகொண்டவர், இருவர் சேர்ந்தால் மூன்று வேலை பார்க்கலாம் என்று அந்த அம்மாள் சொல்வாராம் என்றேன். ராத்திரி வேலை கண்ணுக்குக் கெடுதல் என்றார்.

பிறகு வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அன்றைக்கே முடிவைச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?" என்றார்.

"கடைசிப் பக்கங்கள் இல்லை அப்பா. வாங்கும்போதே இல்லை."

"எவ்வளவு கொடுத்தாய்?"

"மூன்று ரூபாய்."

"மூன்று ரூபாய்க்கு அவ்வளவுதான் கொடுப்பான்" என்றார்.